பதினேழாம் நோயாளியின் மூச்சு

எங்கள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் தினமும் காலை பத்து மணிக்குச் செத்துப்போனவர்கள் மூச்சு விடத் தொடங்குவார்கள். பத்து மணி என்பது எங்கள் வசதிக்காக. அதற்குமுன் டீ குடிக்கவேண்டும், லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது என்று யாராவது அலுத்துக்கொள்ளவேண்டும், பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறப்போம்.

பயப்பட இதில் ஒன்றுமில்லை என்று மூன்று மாதமாக எல்லோருக்கும் சொல்லிவந்தேன். விஷயம் இதுதான். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும்முன், உடம்புக்குள் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் போய்ச் சேரும் என்று கணக்குப் போடவேண்டும். அதைப் போடுகிற ஆள் நான். டாக்டர் இல்லை, மருத்துவ இயற்பியல்காரன். கோவையில் இந்த ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம். எல்லோருக்கும் ‘பிசிக்ஸ் சார்’. குலசேகரன் என்ற பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நான் சேர்ந்த காலத்துக் கணக்கு முறைக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். உடம்பு என்றால் தண்ணீர் நிரம்பிய பை என்று நினைத்துக்கொள்ளும். நடுவில் நுரையீரல் வந்தால் ஒப்புக்கு ஒரு திருத்தம் செய்துவிட்டுப் போய்விடும். பிறகு நல்ல முறைகள் வந்தன. இப்போது 2043-ல் வந்திருப்பது ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து எண்ணுகிறது. அதற்கு அசையாத உடம்பு போதாது. மூச்சில் நுரையீரல் விரிவதும் சுருங்குவதும் வேண்டும். பழைய ஸ்கேனைக் கொடுத்தால் அதிலிருந்து மூச்சு விடுகிற ஒரு நெஞ்சை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது, சத்தத்தோடு. சத்தம் எதற்கு என்று கம்பெனிக்காரரிடம் கேட்டேன். மூச்சு சரியாக அமைந்திருக்கிறதா என்று காதால் பிடிப்பது சுலபம் என்றார். அவர் வீட்டில் யாரும் செத்ததில்லை போலிருக்கிறது.

நாங்களாக ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை. மறுகணக்குச் சட்டம் வந்துவிட்டது. பழைய முறையில் சிகிச்சை பெற்ற நுரையீரல் நோயாளிகள் எல்லோருக்கும் புது முறையில் கணக்குப் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டு, நோயாளி உயிரோடு இருந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் குடும்பத்துக்கு, நேரில் உட்காரவைத்துச் சொல்லி ஒரு அறிக்கை கொடுக்கவேண்டும். எங்களிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சட்டம் நல்ல எண்ணத்தில்தான் வந்தது. ஆனால் நல்ல எண்ணம் அறிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபிறகு என்ன ஆகிறது என்பதைச் சட்டம் போட்டவர்கள் பார்ப்பதில்லை. அன்னூர்க்காரர் ஒருவர் அறிக்கையை லேமினேட் செய்து அப்பாவின் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாராம். பொள்ளாச்சியில் அண்ணன் தம்பி இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அம்மாவை இங்கே சேர்த்தது அண்ணனின் யோசனை. ஒரு பெண் அறிக்கையைக் கையில்கூட வாங்காமல், “இதைத் தெரிஞ்சு நான் என்னங்க பண்றது?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அவர்மேல் மரியாதை.

இப்படி நூற்று நாற்பத்திரண்டு பேரைத் தாண்டினோம். நூற்று நாற்பத்து மூன்றாவது கோப்பில் இயந்திரம் நின்றுவிட்டது. திரையில் ஒரு நெஞ்சு முழுதாக விம்மியபடி நின்றது. கீழே ஒரு வரி: வெளிமூச்சுத் தரவு இல்லை, சராசரியை இடவா?

பெயரைப் பார்த்தேன். நாச்சிமுத்து, வயது நாற்பத்தொன்று, 2021. கையில் இருந்த டீயை மேசையில் வைத்தேன்.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். நுரையீரல் கட்டி மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். அதனால் சிலரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும் கதிரைக் கொடுப்போம். அவர்களுக்கு இரண்டு ஸ்கேன் எடுப்பது வழக்கம், மூச்சைப் பிடித்து ஒன்று, சாதாரணமாக விட்டு ஒன்று. நாச்சிமுத்துவுக்கு முதல் ஸ்கேன் அவ்வளவு சுத்தமாக வந்தது. இரண்டாவது வேண்டாம், இதுவே போதும் என்று சொன்னது நான். ஆக, இயந்திரத்துக்குத் தெரிந்த நாச்சிமுத்து மூச்சை இழுத்தவர்தான். அவர் அதை விட்டதற்குச் சான்று எதுவும் எங்களிடம் இல்லை.

மறுகணக்குக் குழுவின் தலைவி டாக்டர் ரிஸ்வானா என் வயதுக்காரர். சுருக்கமாகப் பேசுவார். பிடித்த மூச்சில்தானே சிகிச்சை நடந்தது, அதை வைத்துக் கணக்கு வந்துவிட்டதே, படம் அசைய வேண்டுமென்றால் சராசரி மூச்சை நிரப்பிவிடுங்கள் என்றார். சராசரி என்றால் இதுவரை முடிந்த நூற்று நாற்பத்திரண்டு பேரின் மூச்சையும் கலந்து எடுத்தது. நாளை செய்கிறேன் என்றேன். மூன்று வாரம் அந்த நாளை வரவில்லை.

அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சிக்னலில் சிவப்பு விழுந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். லிஃப்டில், ஷேவ் செய்யும்போது, ரேஷன் வரிசையில். வேண்டுமென்று செய்வதில்லை. முப்பது தாண்டியபிறகுதான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பதே தெரியும். நெஞ்சு வலிக்கும். ‘எதுக்கு இப்படிப் பெருமூச்சு விட்டுட்டே இருக்கீங்க?’ என்று வீட்டில் கேட்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது அப்படியே நின்றுபோய்க்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து பல்லடம் பக்கம் மோட்டார் ஃபிட்டர். கிணற்றுக்குள் முங்கி, மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வை மாற்றுவதில் பேர்போனவர். தண்ணீரை இறைக்காமலே அடியில் போய் வேலையை முடித்துவிட்டு வருவார் என்று சுத்துப்பட்டில் எல்லோரும் கூப்பிடுவார்களாம். இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே மனைவி மயிலாத்தாள் எண்ணுவார். அறுபது தாண்டினால் இழுத்துவிடுவார். சிகிச்சைக்காக மூச்சுப் பிடிக்கவேண்டும் என்றதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதுக்கா பயந்தோம் என்கிற மாதிரி.

அந்தச் சிகிச்சை மொத்தம் ஐந்து நாள், ஒன்றுவிட்டு ஒருநாள். பிசிக்ஸ் ஆள் கூடவே இருக்கவேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக்கில் நான் சொல்வேன்: இழுங்கண்ணா, பிடிங்க, விடுங்கண்ணா. மற்றவர்கள் பதினைந்து எண்ணுவதற்குள் தவித்துப்போவார்கள். இவர் நாற்பது பிடிப்பார், அதுவும் நெஞ்சு முட்ட இழுத்து. வீட்டிலும் மயிலாத்தாள் காலையும் மாலையும் எண்ணிப் பயிற்சி கொடுத்தார். நான்கூட இண்டர்காமில், “சூப்பர்ண்ணா, உங்களை மாதிரி ஆளே இல்லை” என்றேன். அவர் படுத்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்தச் சமயம் நான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எங்களிடம் அப்போது இரண்டு கணக்கு முறைகள் இருந்தன. பழையது ஒன்று, புதிதாக வாங்கிய நல்லது ஒன்று. நல்லதை வாங்கியும் பழையதில்தான் சிகிச்சை கொடுத்தோம். டாக்டர்களின் கை அந்த எண்களுக்குப் பழகியிருந்தது. எவ்வளவு கொடுத்தால் நோயாளி தாங்குவார் என்ற அனுபவம் முழுக்கப் பழைய எண்ணில். எல்லா ஊரிலும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தது, அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். இரண்டு முறைகளையும் முப்பது நோயாளிகளில் ஒப்பிடுவது என் கட்டுரை. ‘சிகிச்சை முடிந்த முப்பது பேர்’ என்று அதில் எழுதியிருக்கிறேன். இருபத்தொன்பது பேருக்கு முடிந்திருந்தது.

பதினேழாம் நோயாளி நாச்சிமுத்து. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருடைய கணக்கை நல்ல முறையில் போட்டேன். பழைய முறை, கட்டியின் ஓரத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கிடைக்கிறது என்றது. நல்ல முறை எழுபத்தொன்பது என்றது. முப்பது பேரில் இவ்வளவு வித்தியாசம் வேறு யாருக்கும் இல்லை. எனக்கு அப்போது முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். கட்டுரைக்கு ஒரு படம் கிடைத்துவிட்டது.

அன்று அவருக்கு இரண்டு நாள் சிகிச்சைதான் ஆகியிருந்தது. மூன்று நாள் பாக்கி. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திட்டத்தை மாற்றி எழுத இரண்டு நாள் ஆகியிருக்கும். மாற்றினால் அவர் என் முப்பதிலிருந்து விழுந்துவிடுவார், அந்தப் படமும் போய்விடும். ‘ஆய்வு சிகிச்சையைத் தொடக்கூடாது’ என்று எங்கள் துறையில் ஒரு விதி வேறு இருந்தது. நோயாளியை ஆய்வுக்காரனிடமிருந்து காப்பாற்றப் போட்ட விதி அது. நான் அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். திங்கட்கிழமை மைக்கில், இழுங்கண்ணா என்றேன்.

கட்டுரைக்கு மாநாட்டில் பரிசு கிடைத்தது. பதினான்கு மாதம் கழித்துக் கட்டி அதே ஓரத்திலிருந்து திரும்ப வளர்ந்து நாச்சிமுத்து இறந்தார். என் கட்டுரைக்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரி நல்ல முறைக்கு மாறியது. அதனால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் தாங்கியிருக்காது.

இப்போது கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஆனால் பூதத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். புது இயந்திரம் 2021-ன் இரண்டு கணக்குகளையும் எடுத்து வைத்திருந்தது. இரண்டாவது கணக்கின் தேதி, அந்தச் சனிக்கிழமை, பொடி எழுத்தில் ஓர் ஓரமாகக் கிடந்தது. அறிக்கையில் அந்தத் தேதி வராது. அறிக்கையில் ஒரே ஒரு காரணக் கட்டம், அதை இயந்திரமே நிரப்பிவிடும். நாச்சிமுத்துவின் கட்டத்தில் அது எழுதியிருந்தது: அக்காலக் கணக்குமுறையின் குறை, நோயாளியின் நுரையீரல் வழக்கத்தைவிட அதிகமாக விரிந்திருந்தமை. இதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இந்தச் சோறு இயந்திரம் வடித்த சோறு. நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

மயிலாத்தாள் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். மஞ்சள் பையில் பழைய ஃபைலை அப்படியே கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “மைக்குல பேசுவீங்களே, அந்தத் தம்பிதானுங்க? தலையெல்லாம் நரைச்சுப்போச்சு,” என்றார். பிறகு தம்பி என்றது தப்போ என்று நினைத்தவராக சார் என்று மாற்றிக்கொண்டார்.

எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். கட்டியின் ஓரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய கதிர் முழுதாகச் சேரவில்லை, அதை அந்தக் காலத்துக் கணக்கு காட்டவில்லை என்றேன். எதனால் சேரவில்லை என்று கேட்டார். இதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பேன்.

“ஒரு கை நெல்லை மண்ணுமேல போட்டீங்கன்னா அங்கயே கிடக்கும். அதையே காத்துல தூத்துனா பக்கத்துல செதறிப்போயிருமில்லீங்களா? நுரையீரல் முழுக்கக் காத்துங்கம்மா. அதுக்குள்ள போற கதிரும் அப்படித்தான் பக்கத்துல செதறும். நடுவுல விழுந்துரும், ஓரத்துல கொறைஞ்சுரும். பழைய கணக்குக்கு அது தெரியல.”

அவர் தலையாட்டினார். ஃபைலின் முனையை விரலால் தேய்த்தார். அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

“காத்து நெறைய இருந்தா நெறையச் செதறுமுங்களா?”

“ஆமாங்கம்மா.”

“இவரு நெறைய இழுப்பாருங்களே.”

மேசைமேல் இருந்த அறிக்கையை நேராக்கி வைத்தேன்.

“நாந்தானுங்க சார் சொல்லிச் சொல்லி இழுக்க வச்சேன். காலைல இருபது தடவை, சாயந்திரம் இருபது தடவை. முடியலை புள்ளன்னு ஒருநாள் சொன்னாருங்க. நீங்க சூப்பர்னு சொன்னதைச் சொல்லி, இன்னொருக்கா இழுங்கன்னேன்.” சந்தையில் வாங்கிய சாமானைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். “அப்ப அவரு நல்லா இழுத்துப் புடிச்சதுதான் தப்புங்களா?”

காரணக் கட்டம் மேசைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அதை அவர் பக்கம் நகர்த்தினால் போதும். அன்றைய கணக்கு முறை அப்படி, யார்மேலும் தப்பில்லை என்று சொல்லி எழுந்துவிடலாம். மற்றக் குடும்பங்களுக்குச் சொன்ன பதில்தான். அவர் அதை எடுத்துக்கொண்டு பல்லடம் பஸ் ஏறுவார். அதற்குப்பிறகு வீட்டில் காலையும் மாலையும் எண்ணுவார். எண்ணுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“தப்பு அவரு மேலயும் இல்லை, உங்க மேலயும் இல்லீங்கம்மா,” என்றேன். “ரெண்டு நாள் சிகிச்சை முடிஞ்சப்பவே, கொறையுதுன்னு எனக்குத் தெரியும். மூணு நாள் பாக்கி இருந்துச்சு. நான் யாருகிட்டயும் சொல்லலை. ஒரு கட்டுரைக்கு அவரோட கணக்கு அப்படியே இருக்கோணும்னு விட்டுட்டேன். நீங்க அவரை எவ்வளவு இழுக்க வச்சிருந்தாலும், நான் சொல்லியிருந்தா சரி பண்ணியிருக்கலாம்.”

தேதியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அவருக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தது. தன் ஃபைலைத் திறந்து சிகிச்சை நாட்கள் எழுதிய அட்டையை எடுத்தார். திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து தேதிகளில் கடைசி மூன்றின் மேலும் விரலை வைத்து எடுத்தார்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்பார் என்றும் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன், வெட்கம் கெட்ட மனசு.

“எழுதிக் குடுங்க,” என்றார். “இப்ப சொன்னதை அப்படியே. உங்க பேரோட.”

காரணக் கட்டத்தில் இயந்திரம் எழுதியிருந்ததை அழித்தேன். சனிக்கிழமையின் தேதியை எழுதினேன். தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று எழுதி, அச்சிட்டு, கீழே குலசேகரன் என்று கையெழுத்துப் போட்டேன். தாளை அவர் இரண்டு முறை படித்துவிட்டுச் சிகிச்சை அட்டையோடு சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்தார். இதை யாரிடம் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். டாக்டர் ரிஸ்வானாவின் பெயரையும், மேலே எந்த அறை என்பதையும் சொன்னேன். சரி என்றார். எழுந்தவர் நின்றார்.

“மத்தவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல மூச்சு விடறதைக் காட்டுனீங்களாமா. எங்க ஊர்ல ஒருத்தரு சொன்னாரு. இவரைக் காட்டுங்க.”

இவருடையது அசையாது என்று சொல்லிப் பார்த்தேன். இழுத்துப் பிடித்த ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறது, வேண்டுமானால் மற்றவர்களின் சராசரி மூச்சை நிரப்பி அசைய வைக்கலாம் என்றேன். அது யாருடைய மூச்சு என்று கேட்டார். எல்லாருடையதும் கலந்தது என்றேன்.

“எரவல் மூச்சு வேண்டாமுங்க. இருக்கறபடி காட்டுங்க.”

கோப்பைத் திறந்தேன். திரையில் நாச்சிமுத்துவின் நெஞ்சு வந்தது. விலா எலும்புகள் விரிந்து, இரண்டு நுரையீரலும் முட்ட நிறைந்து, வலது பக்கம் மேலே அந்தச் சின்னக் கட்டி. சத்தமே இல்லை. மயிலாத்தாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே உட்கார்ந்தார். உதடு அசைந்தது. முதலில் ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, எண்ணுகிறார். என்னை அறியாமல் நானும் கூடவே எண்ணினேன். இருபது. நாற்பது. ஐம்பது தாண்டியதும் அவருடைய இரண்டு கைகளும் மடியில் எதையோ பிடிப்பதுபோல் இறுகின. அறுபதில் அவர் கைகளைத் தன் பக்கமாக ஒருமுறை இழுத்தார். கையில் எதுவும் இல்லை.

“கீழ இருக்கறவருக்கு நேரம் தெரியாதுங்க,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மேல நிக்கறவங்கதான் சொல்லோணும். இது நான் எறக்குன கெணறு இல்லை. நீங்க எறக்குனது. நீங்களே சொல்லுங்க.”

அந்த அறையில் மைக் கிடையாது. இருந்தாலும் திரைப்பக்கம் குனிந்தேன்.

“விடுங்கண்ணா,” என்றேன்.

மயிலாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே லிஃப்ட் வந்து நின்று, யாரோ இறங்கி, கதவு மூடியது.

“இன்னும் விடலீங்க,” என்றார். “மறுக்கா சொல்லுங்க.”

சொன்னேன்.